விதியே இல்லாத ஒரு ஃபோல்டர்

பக்கத்துல லினக்ஸ் கம்ப்யூட்டர் இருந்தா, டெர்மினலைத் திறந்து ‘ஸ்லாஷ் ப்ராக்’ங்கிற ஃபோல்டருக்குள்ள போய்ப் பாருங்க. மெம்இன்ஃபோ, சிபியுஇன்ஃபோன்னு நிறைய ஃபைல் இருக்கும். சைஸ் பெரும்பாலும் பூஜ்யம்னு காட்டும். ஆனா திறந்தா வரி வரியா தகவல் கொட்டும். அந்த ஃபைல்கள் ஹார்ட் டிஸ்க்கில் எங்கேயும் கிடையாது. நீங்க படிக்கக் கேட்ட அந்த நொடியில, கெர்னல் தனக்குள்ள ஒரு ஃபங்ஷனை ஓட்டி, பதிலை எழுத்தாக்கிக் கொடுக்குது. அவ்வளவுதான்.

இது வர்றதுக்கு முன்னாடி நிலைமை கொஞ்சம் பரிதாபம். பழைய யூனிக்ஸில் எந்த புரோகிராம் ஓடுதுன்னு காட்டும் பி.எஸ். கட்டளை, கெர்னலின் மெமரியையே நேரா துழாவிப் படிச்சுது. கெர்னலை மாத்தினா பி.எஸ்.ஸையும் மறுபடி கம்பைல் பண்ண வேண்டி வரலாம். டிபக்கர்களுக்கு இருந்த பிட்ரேஸ் இன்னும் மோசம்: ஒரு தடவைக்கு ஒரு வேர்டு மெமரிதான் படிக்கலாம், அதுவும் தான் பெத்த புரோசஸை மட்டும்.

1984-ல் பெல் லேப்ஸைச் சேர்ந்த டாம் கில்லியன், ஓடுற ஒவ்வொரு புரோசஸையும் ஒரு ஃபைலாகவே காட்டலாமேன்னு ஒரு கட்டுரை எழுதினார். யூனிக்ஸின் எட்டாம் பதிப்பில் அது ‘ப்ராக்’ ஆக வந்தது. புதுசா எந்தக் கருவியும் வேண்டாம். திற, படி, எழுது. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

லினக்ஸுக்கு ப்ராக் 1992-ல் வந்தது. வந்ததும் நம்ம வீட்டுப் பரண் மாதிரி ஆயிடுச்சு. புரோசஸ் தகவலுக்குன்னு கட்டின இடத்தில ஆளாளுக்கு எதையாவது கொண்டுவந்து போட்டாங்க. இதை ஒழுங்குபடுத்தத்தான் பேட்ரிக் மோச்சலின் சிஸ்எஃப்எஸ், 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலோடு வந்தது. ஒரு ஃபைலுக்கு ஒரே ஒரு மதிப்புன்னு கறாரான சட்டம்.

சட்டம் நல்லதுதான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு டிரைவர் ஏன் தொங்குதுன்னு தேடுறவருக்கு, அம்பது எண்களை ஒரே ஃபைலில் கொட்டிப் பார்க்க இடம் வேணுமே? 2004 டிசம்பரில் க்ரெக் க்ரோ-ஹார்ட்மன் அதுக்காக ‘டிபக்எஃப்எஸ்’ஸை முன்வெச்சார். இதுல எந்த விதியும் கிடையாது, எதை வேணும்னாலும் போட்டுக்கலாம். ஒரு எண்ணை வெளியே காட்ட ஒரே ஒரு வரி கோடு போதும்.

டெவலப்பர்கள் விட்டுவைப்பாங்களா? 2008-ல் ஸ்டீவன் ரோஸ்டெட்டின் எஃப்ட்ரேஸ் இங்கேதான் குடியேறுச்சு. ஒரு ஃபைலில் ‘ஃபங்ஷன்’னு எழுதினா, கெர்னல் எந்தெந்த ஃபங்ஷனைக் கூப்பிடுதுன்னு இன்னொரு ஃபைலில் ஓடிக்கிட்டே இருக்கும்.

சிக்கல் 2011-ல் வெடிச்சது. ‘பிக் கெர்னல் லாக்’ங்கிற பழைய பூட்டைக் கெர்னலிலிருந்து முழுசா எடுத்த சமயம் அது. எஃப்ட்ரேஸோடு வளர்ந்த டிரேஸ் ஈவென்ட் பதிவு ஒவ்வொண்ணிலும், அந்தப் பூட்டு பத்தின நாலு பைட் தகவல் ஒண்ணு இருந்தது. பூட்டே இல்லைன்னா அது எதுக்குன்னு அதையும் எடுத்தாங்க. உடனே பவர்டாப் உடைஞ்சது. லேப்டாப் பேட்டரியை யார் தின்னுறாங்கன்னு காட்டும் கருவி அது. எந்தத் தகவல் எத்தனையாவது பைட்டில் இருக்குன்னு டிபக்எஃப்எஸ்ஸிலேயே ஒரு ‘ஃபார்மட்’ ஃபைல் விளக்கமா சொல்லுது. பவர்டாப் அதைப் படிக்காம, இடத்தை மனப்பாடமா எழுதி வெச்சிருந்தது.

தப்பு யாருதுன்னு கேட்டா நான் பவர்டாப்பைத்தான் சொல்லுவேன். ஆனா லினக்ஸில் லினஸ் டோர்வால்ட்ஸ் விட்டுக்கொடுக்காத சட்டம் ஒண்ணு இருக்கு: வெளியே ஓடிக்கிட்டிருந்த புரோகிராமைக் கெர்னல் மாற்றம் உடைக்கக் கூடாது. அதனால அந்த நாலு பைட் திரும்ப வந்தது, ‘பேடிங்’ங்கிற பேரோட, உள்ளே ஒண்ணுமில்லாம. பவர்டாப் தன்னைத் திருத்திக்கிட்ட பிறகு, 2013-லதான் அதை எடுக்க முடிஞ்சது. யோசிச்சுப் பாருங்க, அதுவரைக்கும் உலகம் பூரா அந்தக் கெர்னல்கள் எழுதின ஒவ்வொரு பதிவிலும் நாலு பைட் வெத்து இடம்!

இன்னொரு பக்கம் பாதுகாப்பு. அவசரத்தில் எழுதின டிபக் ஃபைல், தாக்க வர்றவங்களுக்குத் திறந்த ஜன்னல். முதல்ல ரூட்டுக்கு மட்டும்னு கதவைச் சாத்தினாங்க. 2015-ல், டிரேஸிங் மட்டும் வேணும்ங்கிறவங்க முழு டிபக்எஃப்எஸ்ஸையும் திறக்க வேண்டாம்னு, ‘டிரேஸ்எஃப்எஸ்’ தனிக்குடித்தனம் போச்சு. 2019-ல் கெர்னலில் வந்த ‘லாக்டவுன்’ வசதி ரூட்டுக்கே கட்டுப்பாடு போட்டது. ஆண்ட்ராய்டு 11 வந்தப்போ, விற்பனைக்குப் போற போன்களில் டிபக்எஃப்எஸ்ஸை மவுண்ட் பண்ணவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. டெவலப்பர்களின் டெஸ்ட் போன்களில் மட்டும் அந்த ஃபோல்டர் இன்னும் வேலை செய்யுது, அதே பழைய விதியில்லாத விதியோட.