போலந்தின் வெளியுறவுக் கொள்கையும் ஐரோப்பிய ஒருங்கிணைப்பும்

ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் இடைப்பட்ட பெருஞ்சமவெளியில் அமைந்த போலந்து, கிழக்கிலும் மேற்கிலும் இயற்கை அரண் இல்லாததால் நெடுங்காலம் அல்லலுற்ற நாடு. 1772 முதல் 1795 வரை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய அண்டைப் பேரரசுகள் மூன்று தவணைகளில் அதைப் பங்கிட்டுக்கொண்டதால் 1918 வரை ஐரோப்பிய வரைபடத்தில் போலந்து என்றொரு சுதந்திர அரசு இல்லை. 1939-இல் நாஜி ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் அதை மறுபடியும் கூறுபோட்டன. போருக்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது மாஸ்கோவின் பிடியில் இருந்தது. தனித்து நிற்கலாகாது என்பதும், தன் தலைவிதி தான் இல்லாத அவையில் முடிவாகக் கூடாது என்பதும் இந்த வரலாற்றிலிருந்து போலந்து அரசியலாளர் பெற்ற இரு பாடங்கள். முதற்பாடம் நாட்டை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுசேர்த்தது. இரண்டாவது பாடம், உள்ளே நுழைந்த பிறகும் ஓயாமல் வழக்காட வைத்தது.

1989-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி முடிவுக்கு வந்து, ததேயுஷ் மசோவியெத்ஸ்கி தலைமையில் அமைந்த அரசில் சர்வதேசச் சட்டப் பேராசிரியரான க்ஷிஷ்டோப் ஸ்குபிஷெவ்ஸ்கி வெளியுறவு அமைச்சரானார். ஒன்றுபடும் ஜெர்மனி ஓடர்–நைஸ் ஆறுகளை ஒட்டிய எல்லையை ஐயத்துக்கு இடமின்றி ஏற்க வேண்டும் என்பதே அவருடைய முதற்கவலை. 1990 நவம்பரில் கையெழுத்தான எல்லை ஒப்பந்தம் அதைத் தீர்த்துவைத்தது. 1991 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரியுடன் விஷெகிராட் குழுவும், அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனி, பிரான்சுடன் வைமார் முக்கோணம் எனப்படும் ஆலோசனை அமைப்பும் உருவாயின.

கிழக்கு நோக்கிய கொள்கைக்கு அடித்தளமிட்டவர்கள் ஆட்சியாளர்கள் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. பாரிஸ் அருகே புலம்பெயர்ந்து வாழ்ந்த எர்ஷி கெட்ரொய்ஸ் நடத்திய ‘குல்தூரா’ இதழில், அவரும் யூலியுஷ் மியெரொஷெவ்ஸ்கியும், போரில் இழந்த லிவீவ், வில்னியுஸ் நகரங்களைப் போலந்து மறந்துவிட்டு, உக்ரைன், லித்துவேனியா, பெலாரஸ் ஆகியவற்றின் விடுதலையை ஆதரிக்க வேண்டும் என்று வாதிட்டனர். அவை சுதந்திரமாக இருக்கும்வரை ரஷ்யா மீண்டும் பேரரசாகாது என்பது அவர்களின் கணிப்பு. 1991 டிசம்பர் 2 அன்று உக்ரைனின் விடுதலையை உலகில் முதலாவதாகப் போலந்து அங்கீகரித்தபோது அக்கருத்து அரசுக் கொள்கையாகிவிட்டிருந்தது. ஒன்றியத்தில் சேர்ந்த பின் சுவீடனுடன் சேர்ந்து முன்மொழிந்து 2009-இல் தொடங்கிய ‘கிழக்குக் கூட்டாண்மை’யும் அதன் நீட்சியே.

1994 ஏப்ரலில் ஒன்றிய உறுப்புரிமைக்கு விண்ணப்பித்த போலந்து, 1999 மார்ச்சில் நேட்டோவிலும், 2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்திலும் இணைந்தது. 2003 ஜூனில் நடந்த பொது வாக்கெடுப்பில் 77 விழுக்காட்டினர் ஆதரவாக வாக்களித்தனர். பேச்சுவார்த்தையில் மிகக் கடுமையாக இழுபட்டது வேளாண்மை: புதிய உறுப்பினர்களுக்கான நேரடி உழவர் மானியம் பழைய உறுப்பினர்கள் பெற்றதில் கால் பங்கில் தொடங்கியது, அதற்கு ஈடுபோல, வெளிநாட்டார் விளைநிலம் வாங்குவதற்குப் பன்னிரண்டு ஆண்டுக் கட்டுப்பாட்டைப் போலந்து பெற்றது.

அடுத்த பூசல் வாக்கு எடையைப் பற்றியது. நாடுகளின் அமைச்சர்கள் கூடும் ஒன்றிய மன்றத்தில், 2000-இல் நீஸ் நகரில் எட்டிய உடன்பாட்டின்படி, ஏறத்தாழ 8.2 கோடி மக்கள்தொகை கொண்ட ஜெர்மனிக்கு 29 வாக்குகளும், 3.8 கோடி கொண்ட போலந்துக்கு 27 வாக்குகளும் கிடைத்தன. வியப்பூட்டும் இந்தச் சலுகையை, மக்கள்தொகையை நேரடியாகக் கணக்கில் கொள்ளும் ஒன்றியத்தின் புதிய அரசியல் சாசன வரைவு பறிக்க முனைந்தது. எதிர்க்கட்சியின் யான் ரொகிதா ‘நீஸ் அல்லது மரணம்’ என முழங்கினார். ஹெலிகாப்டர் விபத்தில் காயமடைந்திருந்த பிரதமர் லெஷெக் மில்லர் 2003 டிசம்பரில் சக்கர நாற்காலியில் பிரஸ்ஸல்ஸ் சென்றும், உடன்பாடு எட்டப்படவில்லை. 2007-இல் குடியரசுத் தலைவரும் பிரதமருமாக இருந்த கச்சின்ஸ்கி சகோதரர்களின் அரசு, மக்கள்தொகையின் வர்க்கமூலத்தின்படி வாக்குகளைப் பகிரலாம் என்றது. அவ்வாறு செய்தால் இரு நாடுகளின் விகிதம் இரண்டுக்கு ஒன்றைத் தாண்டாமல் ஏறக்குறைய மூன்றுக்கு இரண்டாக நின்றிருக்கும். கணித அறிஞர்கள் சிலரின் ஆதரவு இருந்தும் அந்த முறை ஏற்கப்படவில்லை. சாசன வரைவுக்குப் பதிலாக வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தின்படி, நாடுகளின் எண்ணிக்கையையும் மக்கள்தொகையையும் சேர்த்துக் கணக்கிடும் இரட்டைப் பெரும்பான்மை முறை 2014-இல் நடைமுறைக்கு வந்தது. சூத்திரம் மறக்கப்பட்டாலும் அதன் பின்னிருந்த அச்சம் நீங்கவில்லை.

2015-இல் ஆட்சிக்கு வந்த சட்டமும் நீதியும் கட்சியின் காலத்தில் சச்சரவு நீதித்துறைக்குத் தாவியது. நீதிபதிகளின் சுதந்திரம் குலைகிறது எனக் கருதிய ஐரோப்பிய ஆணையம், உறுப்புரிமையின் சில உரிமைகளை நிறுத்திவைக்க வழிசெய்யும் ஒன்றிய ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவை 2017 டிசம்பரில் முதன்முறையாக எடுத்தாண்டது. 2021 அக்டோபரில் போலந்தின் அரசியல் சாசனத் தீர்ப்பாயம், ஒன்றிய ஒப்பந்தங்களின் சில விதிகள் தன் நாட்டுச் சாசனத்துக்கு முரணானவை என்று கூறியது; அதே மாதம் ஒன்றிய நீதிமன்றம் நாளொன்றுக்குப் பத்து லட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2023 தேர்தலுக்குப் பின் டொனால்ட் டஸ்க் மீண்டும் பிரதமரானதும், இந்தச் சச்சரவால் ஒன்றியம் முடக்கிவைத்திருந்த நிதி விடுவிக்கப்பட்டது. 2024 மேயில் ஏழாம் பிரிவு நடவடிக்கை கைவிடப்பட்டது. ஆயினும் எந்த அரசும் ஸ்லோட்டி நாணயத்தை விட்டு யூரோவுக்கு மாறத் துணியவில்லை. ரஷ்யாவுக்கு எதிராக உக்ரைனை முழுமூச்சாக ஆதரித்த நாடே, உள்நாட்டு உழவர்களுக்கு அஞ்சி 2023-இல் உக்ரைன் தானிய இறக்குமதிக்குத் தடை விதித்தது.

இவற்றுக்கெல்லாம் அடியில் 1997 அரசியல் சாசனத்தின் ஒரு தெளிவின்மை கிடக்கிறது. வெளியுறவை நடத்துவது அமைச்சரவை என்கிறது அது. தூதர்களை நியமிப்பவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் குடியரசுத் தலைவர், அவர் பிரதமருடனும் துறை அமைச்சருடனும் ஒத்துழைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2008 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸ் உச்சிமாநாட்டுக்கு யார் செல்வது என்று பிரதமர் டஸ்க்கும் குடியரசுத் தலைவர் லேக் கச்சின்ஸ்கியும் மோதியபோது, அரசு விமானம் மறுக்கப்பட்ட தலைவர் வாடகை விமானத்தில் போய்ச் சேர்ந்தார். தலைவர் பங்கேற்கலாம், நாட்டின் நிலைப்பாட்டை எடுத்துரைப்பவர் பிரதமரே என்று 2009 மேயில் தீர்ப்பாயம் விளக்கிய பிறகும் அந்தப் போட்டி ஓயவில்லை. 2024-இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட தூதர்களைத் திரும்ப அழைக்க அரசு முடிவெடுத்தபோது குடியரசுத் தலைவர் அன்ட்சே டுடா கையொப்பமிட மறுத்ததால், பல தலைநகரங்களில் போலந்தின் தூதரகங்கள் தூதர் இல்லாமல் பொறுப்பு அதிகாரிகளின் கீழ் இயங்கின.