பொய்யறி கருவியும் வல்லுநர் தகுதியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒருவன் உண்மை பேசுகிறானா என்பதை அவன் உடலைக் கொண்டே அறிந்துவிடலாம் என்ற எண்ணம் மிகப் பழமையானது. பொய்ச்சாட்சி கூறுவோன் நெற்றி வியர்ப்பான், உதட்டை நக்குவான், முகம் வெளிறுவான் என்று யாக்ஞவல்கிய ஸ்மிருதி குறிப்பிடுகிறது. இருபதாம் நூற்றாண்டில் இவ்வெண்ணம் கருவியின் வடிவம் பெற்றது. அக்கருவியின் மீதும் அதனை இயக்குவோர் தகுதியின் மீதும் எழுந்த ஐயங்களை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய முற்படுகிறது.

கருவியின் தோற்றம்

இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, மூச்சு, தோலின் வியர்வை ஆகியவற்றின் மாற்றங்களைப் பதிவுசெய்வதே பாலிகிராஃப் எனப்படும் பொய்யறி கருவியின் பணியாகும். அது பொய்யைப் பதிவுசெய்வதில்லை, மனக்கலக்கத்தையே பதிவுசெய்கிறது. அக்கலக்கம் குற்றவுணர்வால் விளைந்ததா, அச்சத்தால் விளைந்ததா என்று முடிவுகட்டுபவர் எதிரில் அமர்ந்திருக்கும் ஆய்வாளரே. ஆகவே, கருவியைப் பற்றிய ஐயமும் ஆய்வாளரைப் பற்றிய ஐயமும் ஒன்றையொன்று தொடர்வன எனலாம்.

1921இல் அமெரிக்காவின் பெர்க்கிலி நகரக் காவல் துறையில் ஜான் லார்சன் இத்தகைய கருவியைப் பயன்படுத்தினார். இரத்த அழுத்தத்தைக் கொண்டு பொய்யறிய முயன்ற வில்லியம் மார்ஸ்டன் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆயினும், 1923இல் ஃப்ரை வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரது சோதனையைச் சான்றாக ஏற்க மறுத்தது. அம்முறை உடலியல், உளவியல் அறிஞரிடையே பொது ஏற்பைப் பெறவில்லை என்பதே காரணம். ஆய்வாளரின் பட்டம் மெய்யானதாக இருப்பினும் முறை மெய்யானதாகிவிடாது என்பதை இத்தீர்ப்பு அன்றே உணர்த்தியது.

2003இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட அறிக்கை ஒரு கணக்கின் வழி இதனை விளக்கியது. 10,000 ஊழியருள் பத்துப் பேர் ஒற்றர் எனக் கொள்வோம். அவருள் எண்மரைப் பிடிக்குமாறு சோதனையை அமைத்தால், குற்றமற்ற ஏறத்தாழ 1,600 பேரும் ஐயத்திற்கு ஆளாவர். இரண்டு ஒற்றர் தப்பிவிடுவர். சோவியத்து நாட்டிற்கு உளவு பார்த்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் இச்சோதனையில் தேறியவர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இந்திய நீதிமன்றங்களும் வல்லுநர் தகுதியும்

2006இல் தினேஷ் டால்மியா வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய சோதனைகளுக்குத் தடையில்லை எனக் கருதியது. அக்காலத்தில் பெங்களூரு தடய அறிவியல் ஆய்வகம் இத்துறையில் பெரும்புகழ் பெற்றிருந்தது. ஆனால், 2009இல் அங்குப் பல பெரிய வழக்குகளில் சோதனைகளை முன்னின்று நடத்திய அதிகாரி ஒருவரைக் கருநாடக அரசு பணிநீக்கம் செய்தது. போலிச் சான்றிதழ்களைக் காட்டிப் பணியில் சேர்ந்தார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. பிறர் பொய்யை அறிய அமர்த்தப்பட்டவரின் சான்றிதழே ஐயத்திற்கு உள்ளாயிற்று.

2010 மே 5ஆம் நாள், செல்வி எதிர் கருநாடக அரசு என்னும் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரது விருப்பமின்றிப் பொய்யறி சோதனை, மயக்க மருந்துச் சோதனை, மூளை அலைச் சோதனை ஆகியவற்றைச் செய்தல் அரசியலமைப்பின் 20(3), 21ஆம் பிரிவுகளுக்கு முரணானது என்று அது கூறியது. ஒருவர் இசைந்து சோதனைக்கு உட்பட்டாலும் அதன் முடிவு சான்றாகாது. அதன்வழிப் பின்னர்க் கண்டெடுக்கப்படும் பொருளோ தகவலோ மட்டுமே ஏற்கப்படலாம்.

மலேசியச் சூழல்

1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தின் வழித்தோன்றலே மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம். இரண்டிலும் 45ஆம் பிரிவு, சிறப்புத் தேர்ச்சி உடையோரின் கருத்தை நீதிமன்றம் ஏற்க இடமளித்தது. இந்தியாவில் அச்சட்டம் 2024இல் மாற்றப்பட்டது. மலேசியாவில் இன்றும் நடைமுறையில் உள்ளது. இந்திய அரசியலமைப்பின் 20(3)ஆம் பிரிவைப் போன்ற வெளிப்படையான காப்பு நம் கூட்டரசு அரசியலமைப்பில் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவே, தம்மைக் குற்றத்தில் சிக்கவைக்கும் வினாவுக்கு விடையளிக்க மறுக்கும் உரிமையை விசாரிக்கப்படுவோருக்குத் தருகிறது. பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ விசாரணைக்கு அழைக்கப்படும் எளிய தொழிலாளி ஒருவர் இவ்வுரிமையை அறிந்திருத்தல் இன்றியமையாதது. வாய் மறுக்கலாம், நாடித் துடிப்பு மறுக்க இயலாது.

வல்லுநர் கூற்றை ஐயுறுவதன் பயனைக் கிள்ளான் பள்ளத்தாக்கு வேறொரு துறையில் கண்டுள்ளது. 2009 ஜனவரியில் ஆ. குகன் சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் இறந்தபோது, முதல் சவப்பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததைக் காரணமாகக் காட்டியது. குடும்பத்தினர் அதனை ஏற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நடந்த இரண்டாம் பரிசோதனை, தாக்குதலால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததைக் கண்டறிந்தது. 2013இல் உயர் நீதிமன்றம் அவர்தம் தாயாருக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. முதல் அறிக்கையை மறுக்க முடிந்ததற்குக் காரணம், மீண்டும் ஆராய உடல் இருந்தமையே. பொய்யறி சோதனையில் வரைபடத்தை மீண்டும் படிக்கலாம். வினா எழுந்த கணத்து அச்சத்தை மீண்டும் ஆராய வழியில்லை.

முடிவுரை

தமிழ் மரபு இச்சிக்கலை முன்னரே அறிந்திருந்தது. சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வனுடையதன்று என ஐயுறுகின்றனர். பொற்கொல்லனோ மந்திரம், தெய்வம், மருந்து முதலாகக் களவு நூல் கூறும் எட்டினை எடுத்துரைத்து அவர்தம் ஐயத்தை அடக்குகிறான். வல்லுநராகப் பேசியவனே உண்மைக் கள்வன். பின்னர் வழக்கைத் தீர்த்தது எவரது முகக்குறிப்பும் அன்று; உடைந்த சிலம்பினின்று தெறித்த மாணிக்கமே. கருவியும் பட்டமும் காவலரின் ஐயத்தை வாயடைக்கப் பயன்படுமாயின், அவை பொற்கொல்லனின் களவு நூலினின்று வேறுபட்டவை அல்ல. முறை யாரால் மெய்ப்பிக்கப்பட்டது, ஆய்வாளர் எங்குப் பயின்றார், முடிவை வேறொருவர் மீண்டும் சோதிக்க இயலுமா என்னும் மூன்று வினாக்களை எழுப்பும் உரிமை, குற்றஞ்சாட்டப்பட்ட ஒவ்வொருவருக்கும் உறுதிசெய்யப்படுதல் வேண்டும்.