பதக்கமும் பாத்தியதையும்: சார்லஸ் ரேங்கலின் அரசியல் வாழ்வு



ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பட்டாளம் எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்ற கேள்வி நமக்குப் பழக்கமானது. சுபேதார் ராம்ஜி பட்டாளப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தவர்; அந்த வீட்டுப் பிள்ளைதான் பாபாசாகேப். 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்தியபோது, வேலையோடு கல்விக்கான வழியும் சேர்ந்தே அடைபட்டது. 1913இல் அம்பேத்கர் படிக்கச் சென்ற கொலம்பியா பல்கலைக்கழகம், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியை ஒட்டி இருக்கிறது. கறுப்பின மக்களின் அந்த ஹார்லெமில் 1930 ஜூன் 11 அன்று பிறந்தவர் சார்லஸ் ரேங்கல். 46 ஆண்டுகள் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் இருந்து, 2025 மே 26 அன்று மறைந்தார். பட்டாளம் பற்றிய நம் கேள்வியை அவர் வாழ்வின் வழியாகப் பார்க்கலாம்.

தந்தை சிறு வயதிலேயே விட்டுப் போனார். தாய் வீட்டுவேலையும் தையலும் செய்து வளர்த்தார். பாட்டனார் நீதிமன்றக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கினார். உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்ட ரேங்கல் 1948இல் ராணுவத்தில் சேர்ந்தார். படையில் இனப் பாகுபாடு கூடாது என்று குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஆணையிட்டதும் அதே ஆண்டுதான். ஆனாலும் 1950இல் ரேங்கல் கொரியப் போருக்குப் போனது கறுப்பினத்தவர்க்கென்று தனியே வைக்கப்பட்ட பீரங்கிப் படைப்பிரிவில். ஆணை காகிதத்தில் இருந்தது. பிரிவினை முகாமில் இருந்தது.

அவ்வாண்டு நவம்பர் இறுதியில் குனுரி என்ற இடத்தில் சீனப் படை அவர்களைச் சுற்றி வளைத்தது. உறைபனி. முதுகில் குண்டுச் சிதறல். அந்த நிலையில் சுமார் 40 பேரை மலை வழியே வெளியே கொண்டுவந்தார் ரேங்கல். அதற்காகப் பதக்கங்கள் கிடைத்தன.

1952இல் ஊர் திரும்பியவருக்கு அந்தப் பதக்கங்கள் வேலை தரவில்லை. துணி வணிகத் தெருவில் கைவண்டி தள்ளினார். அவரை அங்கிருந்து மீட்டது படைவீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் சட்டம். விட்ட பள்ளிப் படிப்பை 23 வயதில் முடித்தார். 1957இல் பட்டம், 1960இல் சட்டப் படிப்பு. பதக்கம் அரசு காட்டும் மரியாதை. படிப்பு, அவர் கேட்டுப் பெறக்கூடிய பாத்தியதை. இந்த வேறுபாட்டை மாணவத் தோழர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

ஆனால் சட்டம் இருந்தால் போதுமா? அத்தகைய சலுகைகளை நடைமுறைப்படுத்திய பொறுப்பு உள்ளூர் அலுவலகங்களிடமும் வங்கிகளிடமும் இருந்தது. 1947இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் படைவீரர்களுக்கு அரசு உத்தரவாதத்துடன் 3,229 கடன்கள் வழங்கப்பட்டன. அவற்றில் கறுப்பினத்தவருக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. ஒரே போர், ஒரே சீருடை, ஒரே சட்டம். கையெழுத்துப் போடும் கை யாருடையது என்பதே முடிவைத் தீர்மானித்தது.

அந்தக் கை இருக்கும் இடத்தை நோக்கியதுதான் ரேங்கலின் அரசியல். 1965இல் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு நடந்த பேரணியில் நடந்தார். 1970இல், ஹார்லெமின் பெருந்தலைவர் ஆடம் கிளேட்டன் பவலைக் கட்சியின் வேட்பாளர் தேர்தலில் 150 வாக்குகளில் வென்றார். 1971இல் கறுப்பின உறுப்பினர்கள் 13 பேர் தமக்கென ஒரு குழுவை நாடாளுமன்றத்தில் அமைத்தபோது அவர்களில் ஒருவராக இருந்தார். 1987இல், தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்திய அமெரிக்க நிறுவனங்களின் வரிச்சலுகையைப் பறிக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். மோபில் எண்ணெய் நிறுவனம் 1989இல் அங்கிருந்து வெளியேற அதுவும் ஒரு காரணம். நிறவெறி ஆட்சியை அறத்தின் பேரால் கண்டித்தவர்கள் பலர். அதன் இருப்பைக் கணக்கேட்டின் வழியே அசைத்தவர் இவர். வரியையும் நிதியையும் தீர்மானிக்கும் குழுவுக்கு 2007இல் தலைவரானார்; அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

ஈராக் போரை எதிர்த்து வாக்களித்த அவர், 2003இல் கட்டாய ராணுவச் சேவைக்கு மசோதா கொண்டுவந்தார். போரை முடிவுசெய்பவர்களின் பிள்ளைகள் போர்முனைக்குப் போவதில்லை, ஏழை வீட்டுப் பிள்ளைகளே போகிறார்கள் என்பது அவர் வாதம். 2004இல் அது 402க்கு 2 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் ரேங்கலும் ஒருவர்! மசோதாவை வைத்து ஆளுங்கட்சி நாடகமாடுகிறது என்றார். மசோதா விழுந்தது, அது எழுப்பிய கேள்வி விழவில்லை.

அவருடைய சறுக்கலையும் சொல்லாவிட்டால் இது புகழுரையாகிவிடும். வாடகை வருமானத்தை மறைத்தது, தன் பெயரிலான கல்வி மையத்துக்குத் தன் குழுவின் முடிவுகளால் பாதிக்கப்படக்கூடியவர்களிடமே நன்கொடை கேட்டது உள்ளிட்ட 11 குற்றங்கள் உறுதியாயின. 2010 டிசம்பரில் அவை 333க்கு 79 என்ற வாக்கில் அவரைக் கண்டித்தது. வரிச் சட்டம் எழுதும் குழுவுக்குத் தலைமை வகித்தவர் தன் வரிக் கணக்கில் தவறினார். "நம்மவர் என்பதால்தான் குறிவைத்தார்கள்" என்ற பேச்சு இத்தகைய நேரங்களில் எளிதில் எழும். பிறர் தப்பியிருக்கலாம். ஆனால் நம் மக்களின் உழைப்பால் கிடைத்த நாற்காலியில் அமர்பவர் முதலில் கணக்குச் சொல்ல வேண்டியது நம் மக்களிடம்தான்.

இரண்டையும் சேர்த்தே நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். தியாகத்துக்குப் பாராட்டு கேட்பதோடு நிற்காமல், சட்டமாகும் உரிமையைக் கேட்போம். சட்டத்தோடு நிற்காமல், நிதி ஒதுக்கும் மேசையில் இடம் கேட்போம். அந்த இடத்துக்கு நாம் அனுப்புகிறவரிடம் கணக்கும் கேட்போம்.

ஜெய் பீம்.