சீதனமும் போனக்காட்டு லயமும்

‘சீதனம்’ என்ற சொல்லுக்கு மூலம் ‘ஸ்த்ரீதனம்’. தர்ம நூல்களில் அது பெண்ணுக்கே உரிய உடைமையைக் குறித்தது. இன்றைய பேச்சிலோ பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுப்பதே சீதனம். சொல் நிலைத்திருக்க, அதற்குள் இருந்த உரிமையாளர் மட்டும் மாறிவிட்டார். இத்தகைய மாற்றங்களைத் தானே நிகழும் பொருள்நகர்வாக விளக்கிவிடுவது மொழியியலாருக்கு எளிது. இங்கே சட்டத்திற்கும் பங்குண்டு.

1916-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்க் கிறித்தவர் வாரிசுரிமைச் சட்டத்தின்படி, மகளுக்குக் கிடைப்பது மகனது பங்கில் நான்கில் ஒன்று அல்லது ரூ.5,000, இவற்றுள் எது குறைவோ அது. சீதனம் தரப்பட்டாலோ, தருவதாக வாக்களிக்கப்பட்டாலோ அதுவும் இல்லை. பெயரளவில் பெண்ணின் தனம். செயலளவில் அவளது உரிமையை முடித்துவைக்கும் பற்றுச்சீட்டு. மேரி ராய் வழக்கில் உச்சநீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளிக்கும் வரை இந்நிலை நீடித்தது. (யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் சீதனம் மனைவியின் சொத்தாகவே நின்றது, ஆனால் அந்நிலத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.)

இவ்வரலாறு குடும்ப வன்முறையோடு எவ்வாறு தொடர்புறுகிறது என்பதைப் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அவர்களது களம் திருவனந்தபுரம் மாவட்டம்; 502 பெண்கள். நிலமோ வீடோ இல்லாத பெண்களுள் 49 விழுக்காட்டினர் திருமண வாழ்வில் நீண்டகால உடல்வழி வன்முறைக்கு ஆளாகியிருந்தனர். நிலம் மட்டும் உடையோரிடம் இது 18, வீடு மட்டும் உடையோரிடம் 10, இரண்டும் உடையோரிடம் 7. எனக்கு இதனினும் முதன்மையாகத் தோன்றுவது அடுத்த செய்தி. அவ்வாறு வன்முறைக்கு ஆளான 179 பேருள் வீட்டைவிட்டு வெளியேறியோர் 43 பேர். சொத்துடையோருள் 71 விழுக்காட்டினர் வெளியேற, சொத்தற்றோருள் 19 விழுக்காட்டினரே வெளியேறினர். பின்னர்க் கணவனிடம் திரும்பிய 24 பேருள் பெரும்பாலோர் சொத்தற்றவர்கள். மீட்புத் திட்டங்கள் தையல் இயந்திரத்தையும் சிறுகடனையும் முதலில் நினைக்கின்றன. கதவைத் திறந்து வெளியே வந்தவளுக்கு முதலில் வேண்டுவது வேறொரு கதவு.

அதே மாவட்டத்தில், அகத்தியமலைச் சாரலில் இருக்கிறது போனக்காடு. வெள்ளையர் காலத்துத் தேயிலைத் தோட்டம். தமிழ்த் தொழிலாளர் குடியிருப்பு. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலையாதலால், சம்பாதிக்கும் மனைவி இங்கே புதுமையல்லள். ஆனால் அவள் குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரும் கடமையை நிர்வாகத்தின் மீது சுமத்தியதேயன்றி, அவ்வீட்டைத் தொழிலாளிக்கு உரிமையாக்கவில்லை. கூலி உண்டு, கூரை சொந்தமில்லை. தொழிற்சாலை மூடப்பட்டுத் தோட்டம் நொடித்தபின் கூலியும் நின்றது.

2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பொருளாதார வன்முறையையும் வன்முறையாக ஏற்றது. அதன் 17-ஆம் பிரிவு, உடைமை இருப்பினும் இல்லாவிடினும், பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை மனைவிக்கு அளிக்கிறது. அவ்வுரிமை கணவனுக்கும் அவன் உறவினருக்கும் எதிரானது. தோட்ட உரிமையாளருக்கு எதிரானது அன்று. மேலும், அடுத்தடுத்த கதவுகள் கொண்ட ஒரே வரிசை லயத்தில் ‘வீட்டைவிட்டு வெளியேறுதல்’ என்பதற்கு என்ன பொருள் இருக்க முடியும்?

ஆகவே போனக்காட்டில் வழங்கப்படாமல் நிலுவையிலுள்ள பணிக்கொடையை வெறும் தொழில்தகராறாகக் காண இயலவில்லை. 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பணியாண்டுக்கும் 15 நாள் கூலி. பணி முடிந்த 30 நாட்களுக்குள் தரப்பட வேண்டும். தோட்டப் பெண்ணொருத்திக்கு, தந்தையையோ கணவனையோ சாராமல், அவள் பெயரிலேயே மொத்தமாகக் கைக்கு வரக்கூடிய ஒரே பெருந்தொகை பெரும்பாலும் அதுதான். லயத்திற்கு வெளியே இரண்டு சென்ட் நிலம் வாங்க அவளிடம் வேறு முதல் இல்லை.