காலெட் பேட்டையும் கிரிஷ் கம்பெனியும்

காலடிப்பேட்டைங்கிற பேரைக் கேட்டால் ஏதோ சாமியின் காலடி பட்ட ஊர் மாதிரி இருக்கும். உண்மையில் இது காலெட் பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், லண்டனில் வியாபாரம் நொடித்து, கடனை அடைக்கக் கிழக்கே வந்த ஆள். கம்பெனிக்குத் துணி வேணும், துணிக்கு ஆள் வேணும். திருவொற்றியூர் பக்கத்தில் நெசவாளர்களைக் குடிவைத்தார். தறியில் உட்கார்ந்த யாருடைய பேரும் ஊருக்கு வரல. ஆள் சேர்த்தவர் பேர்தான் தேய்ந்து காலடியாகி, இப்போ மெட்ரோ ஸ்டேஷன் போர்டிலும் இருக்கு.

சாஃப்ட்வேர் இஞ்சினியர் எப்படி ஸ்டார்ட்அப் தலைவர் ஆகிறார்னு பேசும்போதெல்லாம் எனக்கு இந்தப் பேட்டை ஞாபகம் வரும். தறியை விட்டு எழுந்திருக்கிறதுதான் அங்கே முதல் படி.

நம்ம ஊர் உதாரணம் கிரிஷ் மாத்ருபூதம். திருச்சிக்காரர். 2001-ல் அட்வென்ட்நெட்டில் (இன்றைய ஜோஹோ) ப்ரீ-சேல்ஸ் இஞ்சினியராகச் சேர்ந்தார். அதாவது, வாங்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிற வாடிக்கையாளருக்கு சாஃப்ட்வேரை ஓட்டிக் காட்டி, கேள்விகளுக்குப் பதில் சொல்ற வேலை. கோடு எழுதுற நம்மில் பலர் இதைக் கொஞ்சம் மட்டமாகப் பார்ப்போம். என் கணக்கில், அவர் வளர்ந்ததே அந்த நாற்காலியில்தான். பிறகு ப்ராடக்ட் மேனேஜ்மென்ட்டில் வைஸ் பிரசிடென்ட் வரை போனார்.

அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு வீடு மாறும்போது அவருடைய டிவி உடைஞ்சுபோச்சு. மாசக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்ட இழப்பீடு, இணையத்தில் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதினதும் வந்துவிட்டது. புகார் மெயில் வழியா மட்டும் வர்ற காலம் முடிஞ்சுபோச்சுன்னு அவருக்குப் புரிந்தது. 2010 அக்டோபரில் ஃப்ரெஷ்டெஸ்க். இங்கே கவனிக்க வேண்டியது: தொழில்நுட்பப் பொறுப்பு கூட்டாளி ஷான் கிருஷ்ணசாமியிடம் போனது. முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு கல்லூரி, 2011-ல்.

2021 செப்டம்பர் 22, ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பேரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனதாக கிரிஷ் சொன்னார், பங்கு கொடுத்திருந்ததால். கம்பெனி காலத்து நெசவாளருக்குக் கிடைத்தது முன்பணம். துணி கொடுத்துக் கழிக்கணும், கழியலைன்னா கடன். இரண்டு தலைவர்களுக்கும் நடுவில் எனக்குத் தெரியும் பெரிய வித்தியாசம் இதுதான். அதுக்காக எல்லாருக்கும் ஒரே விளைச்சல் இல்லை. 36 டாலருக்கு வெளியிட்ட பங்கு பின்னால் பாதிக்கும் கீழே இறங்கியது. தாமதமாகச் சேர்ந்தவர்கள் கணக்கு வேற.

2024 மே மாதம் சிஇஓ நாற்காலியை டென்னிஸ் உட்சைடிடம் கொடுத்துவிட்டு, கிரிஷ் செயல் தலைவரானார். ப்ராடக்ட், ஏஐ பக்கம் கவனம் செலுத்தப் போவதாகச் சொன்னார்.