சாமியார் பிஸ்கெட்

மக்களே, நேத்து ஸ்மோர் செஞ்சேன். ரெண்டு பிஸ்கெட் நடுவுல சாக்லேட், தீயில வாட்டின மார்ஷ்மல்லோ, ஒரு அமுக்கு. அவ்ளோதான். (முதல் மார்ஷ்மல்லோ தீப்பந்தம் ஆயிடுச்சு, அது வேற கதை!)

'இன்னும் கொஞ்சம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் இந்தப் பேரு. 1927ல அமெரிக்கப் பெண் சாரணியர் கையேட்டிலேயே செய்முறை வந்துடுச்சு. அதுல போடறது கிரகாம் பிஸ்கெட். காமெடியே இங்கதான். சில்வெஸ்டர் கிரகாம் (1794–1851) ஒரு பாதிரியார். கறி, மசாலா, வெள்ளை மாவு எல்லாம் காமத்தைத் தூண்டும், தவிட்டோட அரைச்ச கோதுமையே நல்லதுன்னு ஊர் ஊரா பிரசங்கம் பண்ணவர். கடுப்பான பாஸ்டன் ரொட்டிக்கடை, கறிக்கடை ஆளுங்க 1837ல அவர் கூட்டத்துல கலாட்டாவே பண்ணாங்க. 1850ல அமெரிக்க சைவ உணவுச் சங்கம் தொடங்கினவங்கள்ல இவரும் ஒருத்தர். அவர் பேர் வெச்ச பிஸ்கெட் மேல இன்னிக்கு ஜெலட்டின் உக்காந்திருக்கு!

மார்ஷ்மல்லோங்கறது உண்மையில ஒரு சதுப்புநிலச் செடி. அதோட வேர்ல வர்ற பிசின்லதான் அந்தக் காலத்துல மிட்டாய் பண்ணாங்க. செடி போச்சு, பேரு மட்டும் நின்னுடுச்சு.

அம்மா ஒண்ணு கையில எடுத்துட்டு, "இதுல என்னடா போட்டிருக்கு?"ன்னாங்க. சொல்லாம விட்டிருக்கலாம். "மாட்டுத் தோலு, பன்னித் தோலு, எலும்புன்னு காய்ச்சி எடுக்கற பசைம்மா"ன்னேன். ஸ்மோரை வெச்சுட்டு, வெறும் பிஸ்கெட்டை எடுத்துக்கிட்டாங்க.