மேஸ்திரி அல்காரிதம்

கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் போனால் 'மெட்டா அல்காரிதம்'னு ஒரு வார்த்தை அடிக்கடி காதில் விழும். பேர்தான் மிரட்டல், விஷயம் எளிசு. வீடு கட்டற இடத்துல மேஸ்திரியைப் பார்த்திருப்பீங்க. செங்கல் வைக்கறது கொத்தனார், கலவை சுமக்கறது சித்தாள். யாரை எந்தச் சுவருக்கு அனுப்பணும், யார் வேலையை எவ்வளவு நம்பலாம்னு முடிவு பண்றதுதான் மேஸ்திரியோட வேலை.

சாதாரண அல்காரிதத்துக்கு ஒரு கணக்கைக் கொடுத்தால் விடை தரும். மெட்டா அல்காரிதத்துக்கு இன்னொரு அல்காரிதத்தையே கொடுக்க வேண்டும். அதை எத்தனை தடவை ஓட்டணும், எந்தத் தகவலைக் காட்டி ஓட்டணும், வந்த விடைகளை எப்படிச் சேர்க்கணும்னு இது பார்த்துக்கும். உள்ளே இருக்கறது எப்படி வேலை செய்யுதுன்னு இதுக்குத் தெரியவே வேண்டாம்.

இந்தக் குடும்பத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது பூஸ்டிங். காரணம், அது ஒரு கேள்வியில் ஆரம்பிச்ச கதை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் லெஸ்லி வேலியன்ட் 1984-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு இயந்திரம் 'கத்துக்கிச்சு'ன்னு எப்போ சொல்லலாம்? அதுக்குக் கணித ரீதியா ஒரு வரையறை கொடுத்தது அந்தக் கட்டுரை. அந்த வரையறைப்படி, தவறுகளை நாம் கேட்கும் அளவுக்குக் குறைச்சுக் காட்டணும். 99 சதவீதம் சரியா வேணும்னா 99, 99.9 வேணும்னா 99.9. இது ஃபர்ஸ்ட் கிளாஸ் மாணவன்.

அப்போ கடைசி பெஞ்ச்? காசைச் சுண்டிப் போட்டாலே பாதி விடை சரியா வந்துடும். அதைவிட ஒரு துளி மேல, 51 சதவீதம் மட்டும் சரியா சொல்ற அல்காரிதம் இருந்தா அதுக்கு ஏதாவது மதிப்பு உண்டா? அப்படிப்பட்ட சுமாரான ஆட்களை வைத்தே ஒரு கெட்டிக்காரனை உருவாக்க முடியுமா? 1988, 89 வாக்கில் மைக்கேல் கேர்ன்ஸும் வேலியன்ட்டும் எழுப்பிய கேள்வி இதுதான்.

நூறு பேரைக் கேட்டு பெரும்பான்மையை எடுத்துக்கிட்டா போச்சுன்னு தோணும். அங்கேதான் சிக்கல். நூறு பேரும் ஒரே வாத்தியார்கிட்ட, ஒரே புத்தகம் படிச்சவங்கன்னா ஒரே இடத்துலதான் தப்பு பண்ணுவாங்க. நூறு ஓட்டும் ஒரே தப்புக்கே விழும்.

1990-ல் விடை வந்தது. எம்.ஐ.டி. மாணவரா இருந்த ராபர்ட் ஷாபையர், முடியும்னு நிரூபிச்சார். வழி என்ன தெரியுமா? முதல் ஆளைப் பயிற்சி கொடுத்து விடு. இரண்டாவது ஆளுக்குக் கேள்விகளைப் பொறுக்கிக் கொடு: முதல் ஆள் சரியா சொன்னது பாதி, தப்பா சொன்னது பாதி. அதாவது, முதல் ஆளைக் காப்பி அடிச்சா ஒரு பிரயோஜனமும் இருக்கக் கூடாது. மூன்றாவது ஆளுக்கு, முதல் இரண்டு பேரும் முரண்பட்ட கேள்விகளை மட்டும் கொடு. கடைசியில் மூணு பேர் ஓட்டு.

ஒவ்வொருத்தரும் 40 சதவீதம் தப்பு பண்ணினால், மூணு பேர் சேர்ந்து பண்ணும் தப்பு அதிகபட்சம் 35.2 சதவீதம். ப்பூ, இவ்வளவுதானான்னு தோணலாம். ஆனா இந்த மூவர் அணியை ஒரே ஆளா நினைச்சு, அப்படி மூணு அணியைச் சேர்த்தால் சுமார் 28. இன்னொரு படி ஏறி 27 பேர் ஆனால் 20-க்கும் கீழே. இப்படியே ஏறிக்கிட்டே போகலாம்.

இது தத்துவத்துக்குச் சரி, நடைமுறைக்குக் கஷ்டம். யோவ் ஃப்ராய்ண்ட் இன்னொரு வழி கண்டுபிடிச்சார். பிறகு ஃப்ராய்ண்டும் ஷாபையரும் ஏ.டி.அண்டு டி. ஆய்வகத்தில் சேர்ந்து உருவாக்கியதுதான் அடாபூஸ்ட். 1995-ல் மாநாட்டுக்கு வந்து, 1997-ல் முழுக் கட்டுரையா வெளியாச்சு. அந்தக் கட்டுரை குதிரைப் பந்தயத்துல தோத்துத் தோத்து வெறுத்துப்போன ஒரு ஆளில்தான் ஆரம்பிக்கும் :-) அந்த ஆள் தன் பணத்தை நண்பர்களிடம் பிரிச்சுக் கொடுத்து ஆடச் சொல்லப் போறார். யாருக்கு எவ்வளவு கொடுக்கறது?

அடாபூஸ்ட் செய்யறது இவ்வளவுதான். ஆரம்பத்தில் எல்லாக் கேள்விக்கும் சம எடை. ஒரு ஆள் பதில் சொன்னதும், தப்பா போன கேள்விகளின் எடையைக் கூட்டு, சரியா போனதைக் குறை. அடுத்த ஆள் அந்த எடையைப் பார்த்துப் படிக்கணும். கடைசியில் ஓட்டு உண்டு, ஆனா சம ஓட்டு இல்லை. அதிகம் சரியா சொன்னவருக்குக் கனமான ஓட்டு. இந்தக் கட்டுரைக்கு 2003-ல் கோடல் பரிசு கிடைத்தது.

பரிசுக்கு முன்னாடியே இது வேலைக்கும் இறங்கிடுச்சு. 2001-ல் பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் படத்தில் முகம் எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்க அடாபூஸ்ட்டைப் பயன்படுத்தினார்கள். கண் இருக்கும் பட்டை கன்னத்தைவிட இருட்டா இருக்கும், மூக்குத்தண்டு கண்களைவிட வெளிச்சமா இருக்கும். இந்த மாதிரி அற்பமான சோதனைகள், ஒன்றரை லட்சத்துக்கும் மேல. தனித்தனியா எதுவும் தேறாது. அடாபூஸ்ட் அதிலிருந்து ஆறாயிரம் சொச்சத்தைப் பொறுக்கி எடுத்தது. 700 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 கம்ப்யூட்டரில் நொடிக்கு 15 படம் பார்க்க முடிஞ்சுது.

இதுவரைக்கும் நல்ல கதை. இனிமேதான் என்னை யோசிக்க வைக்கற இடம்.

தப்பா போன கேள்விக்கு எடை கூட்டறதுதான் இதன் பலம். ஆனா அந்தக் கேள்விக்கு நாம கொடுத்த விடைத்தாளே தப்பா இருந்தா? யாரோ கை தவறி நல்ல மடலை 'குப்பை'ன்னு குறிச்சு வெச்சுட்டாங்கன்னு வைங்க. ஒவ்வொரு ஆளும் அதை நல்ல மடல்னு சரியாவே சொல்வாங்க. மேஸ்திரி கணக்குல அது தப்பு. எடை ஏறும், ஏறிக்கிட்டே போகும். கடைசியில் மொத்தக் கூட்டமும் அந்த ஒரு பொய்யை மனப்பாடம் பண்ண உட்கார்ந்துடும். விடைத்தாளில் பிழை இருந்தால் அடாபூஸ்ட் தடுமாறுவதை 2000-ல் தாமஸ் டயட்டரிக் சோதனை செய்து காட்டினார். 2008-ல் பிலிப் லாங்கும் ரோக்கோ செர்வேடியோவும், அடாபூஸ்ட் உட்பட இந்த வகை பூஸ்டிங் முறைகளில் ஒரு பெரிய கூட்டத்துக்கே இந்தப் பலவீனம் உண்டுன்னு கணிதமாவே நிரூபிச்சாங்க.

பூஸ்டிங்கின் வாரிசுகள் இன்னைக்கும் அட்டவணைத் தகவல் இருக்கும் இடமெல்லாம் உழைச்சுக்கிட்டு இருக்கு. கடன் கொடுக்கலாமா வேண்டாமாங்கற கணக்கிலும்தான். அங்கே விடைத்தாள் எது? பழைய கடன் பதிவேடு. ஒழுங்கா கட்டினவர் பேர்ல தவணை பாக்கின்னு தப்பா ஏறியிருந்தால், அந்த ஒரு வரியை இது விடாமல் துரத்தும். செங்கலைப் பத்தித் தெரியாமலே மேஸ்திரி நல்ல வீடு கட்டிடலாம். ஆனா வரைபடம் தப்பா இருந்தா அதைக் கண்டுபிடிக்க அவரால முடியாது. அதனால இப்படி ஒரு கணக்கு 95 சதவீதம் சரின்னு யாராவது சொன்னா, நான் முதல்ல கேட்கறது அல்காரிதம் பேரை இல்லை. விடைத்தாளை எழுதினது யாருன்னுதான்.